பெரியம்மாவின் ரேகை விழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 7 கொடிநாள், படைவீரர்களின் நலனுக்குப் பணம் திரட்டுகிற நாள். மறுநாள் பத்திரிகையில் வழக்கமாக வரும் படம் இந்த வருஷமும் வந்தது. உண்டியலில் ஆட்சியர் முதல் ஆளாகப் பணம் போடுகிறார், சுற்றிலும் சட்டையில் கொடி குத்திய அதிகாரிகள். குறை சொல்ல எழுதவில்லை. 1949-லிருந்து நடக்கிற நல்ல காரியம் அது. நான் மூன்றாவது படிக்கும்போது பத்து பைசா கொடுத்து வாங்கிய காகிதக் கொடியைக் குண்டூசியால் குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "இது யாருக்குடா காசு?" என்றார். "பட்டாளத்துக்காரங்களுக்கு" என்றேன். "அப்படியா? எனக்கு வந்து சேரலியே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது, தபால் பையைத் தோளில் மாட்டிய பிறகுதான். போருக்குப் போய் வந்தும் பென்ஷன் இல்லாமல் போன அவரைப் போன்றவர்களின் விதவைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கணியம்பாடி ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் 1979 முதல் 2022 வரை தபால்காரனாக இருந்தேன். முதலில் எங்களை இ.டி. (எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல்) என்றார்கள், பிறகு ஜி.டி.எஸ். (கிராமின் டாக் சேவக்) என்றார்கள். பெயர் மாறியதோடு சரி. (எங்களுக்கும் பென்ஷன் கிடையாது. அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், இன்றைக்கு வேண்டாம்.) எங்கள் பக்கம் பட்டாளத்து ஊர்கள். பக்கத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். அந்தக் காலத்தில் மாதத்தின் முதல் வாரம் மணியார்டர் பணத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு தெருவில் நுழைந்தால், நாய்கூட என்னைப் பார்த்துக் குரைக்காது. எந்த வீட்டுக்குப் பென்ஷன் வரும், எந்த வீட்டுக்கு வராது என்பது எனக்கு மனப்பாடம்.

பட்டாளத்துக்குப் போய் வந்தும் பென்ஷன் வராத வீடுகள் நான் தபால் கொடுக்கிற பீட்டில் பதினொன்று இருந்தன. எல்லாரும் 'வார் டைம்' ஆட்கள். இரண்டாம் உலகப் போருக்காக எடுக்கப்பட்டு, சண்டை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் என்றால் 15 வருஷ சர்வீஸ் வேண்டும். இவர்களுக்கு நாலு, ஐந்து, மிஞ்சிப் போனால் ஆறு. கையில் ஒரு தொகை, பட்டாளத்திலிருந்து விடுவித்ததாக ஒரு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், ஊர் திரும்ப ரயில் வாரண்ட். காட்பாடியில் இறங்கி ஊருக்கு நடந்து வந்தார்கள். அந்தப் பதினொரு பேரில் என் பெரியப்பா ஒருவர்.

அவர்களெல்லாம் விரும்பிப் போனவர்கள் என்பதுதான் கணக்கு. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் சுமார் 25 லட்சம் பேர், கட்டாயப்படுத்தி ஒருவரையும் எடுக்கவில்லை, உலகத்திலேயே பெரிய வாலண்டியர் பட்டாளம் என்று சொல்வார்கள். விருப்பம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊரைப் பார்த்தால் தெரியும். பெரியப்பா வீட்டில் ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி, அதுவும் அடமானத்தில். மாதம் 18 ரூபாய் சம்பளம், வயிறாரச் சாப்பாடு, காலுக்குப் பூட்ஸ் என்றதும் போய்விட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு முன்னால் மதராஸிகள் சண்டைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிக்கொண்டே வந்தான் வெள்ளைக்காரன். 1933-ல் மெட்ராஸ் பயனியர் படையையே கலைத்தான். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் நாங்கள் லாயக்காகிவிட்டோம்.

பெரியப்பா துப்பாக்கி பிடித்தவர் இல்லை, லாரி ஓட்டினவர். ஆர்மி சர்வீஸ் கோர், பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுபோகும் பிரிவு. திமாப்பூரிலிருந்து கோஹிமா வழியாக இம்பால், அங்கிருந்து பர்மாவுக்குள் தமு, கலேவா. மழையில் சேறு முழங்கால் வரை இருக்குமாம். கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1944 டிசம்பரில் பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைக் கோத்து அவசரத்துக்குப் போடுகிற பாலம்) போட்டார்கள், நீளம் 1,154 அடி. அந்த நாளில் உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். நீளம் எவ்வளவு என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. "லாரி நடுப்பாலம் வர்றதுக்குள்ள மூணு சாமி பேரைச் சொல்லி முடிச்சிருப்பேன்" என்பார். இன்னொன்றும் சொல்வார். மலேரியாவுக்காகத் தினமும் மஞ்சள் மாத்திரை விழுங்க வைப்பார்கள், மெபாக்ரின் என்று பெயர். தின்னத் தின்ன உடம்பே மஞ்சளாகும். 1945-ல் லீவில் வந்தவரைப் பார்த்துவிட்டு எங்கள் ஆயா மஞ்சள் காமாலை என்று அலறி, பத்து நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் போட்டுவிட்டாளாம். பர்மாவில் பட்டினி கிடக்காத மனுஷன், சொந்த வீட்டில் உப்பில்லாக் கஞ்சி குடித்துவிட்டு லீவு முடிந்து போனார்.

1946-ல் திரும்பி வந்தார். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் லாரி ஓட்டினார். 1950-ல் கல்யாணம். 1991-ல் இறந்தார். கொல்லைப்புறத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கடைசி வாரத்தில் கைகள் தானாக ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. அவர் விட்டுப் போனது ஒரு தகர டிரங்குப் பெட்டி, அதற்குள் ஆறு முனை நட்சத்திரமாக பர்மா ஸ்டார் மெடல், அதன் நாடாவில் நீலமும் சிவப்பும் ஆரஞ்சும், பாதி கரையான் தின்ற டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், என் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு இப்போது வயது 93. பிள்ளை இல்லை. மச்சு வீட்டின் பின்கட்டில் தனியாக இருக்கிறார். காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி யார் வீட்டிலிருந்தாவது ஒரு பிடி சோறு. காது சரியாகக் கேட்காது, கண் நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒரு ரிட்டயர்டு சுபேதார் இருக்கிறார். அவர்தான் மூன்று வருஷத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டு, "உங்க பெரியம்மா மாதிரி ஆளுங்களுக்கு வழி இருக்குதுப்பா, நீ இன்னாத்துக்குச் சும்மா இருக்கே?" என்று சத்தம் போட்டார். பிறகுதான் தெரிந்துகொண்டேன். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரருக்கும் அவர் மனைவிக்கும் தமிழக அரசு மாதாமாதம் நிதியுதவி தருகிறது. 65 வயது தாண்டிய, பென்ஷன் இல்லாத ஹவில்தார் வரைக்குமான முன்னாள் படைவீரருக்கும் விதவைக்கும் மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல அமைப்பான மத்திய சைனிக் போர்டு வறுமை உதவி தருகிறது. அது மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 அக்டோபரில் 8,000 என்று உயர்த்தி அறிவித்தார்கள்.

இவை நம் அரசாங்கத்து உதவிகள். மூன்றாவதாக அவர் சொன்னது எனக்குப் புதிது. லண்டனில் ஒரு தரும அமைப்பு இருக்கிறதாம், ராயல் காமன்வெல்த் எக்ஸ்-சர்வீசஸ் லீக். முதல் உலகப் போர் முடிந்த பின் 1921-ல் கேப் டவுன் நகரத்தில் ஃபீல்டு மார்ஷல் ஹெய்க்கும், அப்போது தென்னாப்பிரிக்கப் பிரதமராக இருந்த ஸ்மட்ஸும் சேர்ந்து ஆரம்பித்தது. சுதந்திரத்துக்கு முன்னால் பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் சண்டைக்குப் போன வெளிநாட்டு ஆட்கள், இந்தியா, பாகிஸ்தான், ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள் என்று எங்கே முதுமையில் கஷ்டப்பட்டாலும் அவர்களுக்கும் விதவைகளுக்கும் உதவுவது அதன் வேலை. நேராக வந்து கொடுப்பதில்லை, அந்தந்த நாட்டு முன்னாள் ராணுவத்தினர் அமைப்புகள் மூலம் கொடுக்கிறது. 2018-ல் பிரிட்டிஷ் அரசு இதற்காக ஐந்து வருஷத்துக்கு 1 கோடியே 18 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. சுமார் 7,000 பேருக்கு, நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு என்ற கணக்கில்.

இரண்டு வேளை. இதைப் பெரியம்மாவின் காதருகே கத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெள்ளைக்காரன் லாரியத்தானே ஓட்டுனாரு உங்க பெரியப்பா? இது பாக்கியா, தருமமா நைனா?" என்று கேட்டார். சுபேதார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. பாக்கி என்றால் வட்டி போட வேண்டும், 79 வருஷத்துக்கு.

இந்த இடத்தில் சில வாசகர்கள் கேட்பார்கள், எனக்குத் தெரியும், டீக்கடையில் என்னையே கேட்டிருக்கிறார்கள்: வெள்ளைக்காரனுக்காகச் சண்டைக்குப் போனவனுக்கு நம் ஊரில் என்ன மரியாதை? 1972-ல் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்தபோது பெரியப்பா அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்வார். இம்பால் பக்கம் ஒரு ராத்திரி எதிர்க்குன்றிலிருந்து தமிழ்ப் பேச்சு கேட்டதாம், யாரோ யாரையோ பெயர் சொல்லித் தண்ணீர் கேட்டது. நேதாஜி படைக்காரர்கள். சிங்கப்பூரில் பிடிபட்ட சிப்பாய்களும் மலேயாத் தோட்டத்துத் தமிழர்களும் அந்தப் பக்கம், நம் வட ஆற்காட்டுக்காரன் இந்தப் பக்கம். "ரெண்டு பேருக்கும் தாகம் ஒண்ணுதான்டா" என்று முடித்துவிடுவார். அந்தப் பக்கம் இருந்தவருக்குப் பின்னால் தியாகி பென்ஷன் வந்தது, வர வேண்டியதுதான், சந்தோஷம். இந்தப் பக்கம் இருந்தவர் 19 வயதில் அடமான நிலத்தை மீட்கப் போனவர். அவர் மனைவி 93 வயதில் இரண்டு வேளை சாப்பிடுவதற்கு இந்த வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் வர வேண்டுமா?

சரி, வழி இருக்கிறது, விண்ணப்பிக்கலாம் என்று கிளம்பினோம். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கிருந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஷேர் ஆட்டோவில் பெரியம்மாவை உட்கார வைத்து, பக்கத்தில் நான் பிடித்துக்கொண்டு, வேலூர் வெயிலில் போய்ச் சேர்ந்தோம். மாடியில் அறை. படி இருபத்திரண்டு, எண்ணினேன். பாதியில் பெரியம்மா உட்கார்ந்துவிட்டார். மேலே போனால் ரேகை வைக்கச் சொன்னார்கள். 93 வயது விரல், அறுபது வருஷம் களை எடுத்த விரல், நெல் அவித்த விரல். வழவழவென்று தேய்ந்துபோயிருக்கிறது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். ரேகை விழவில்லை. "பாட்டி, தேங்காய் எண்ணெய் தேய்ச்சுட்டு நாளைக்கு வாங்க" என்றார் ஒரு தம்பி, அன்பாகத்தான்.

இரண்டாம் முறை ரேகை ஒருவழியாக விழுந்தது, பெயர் ஒத்துப்போகவில்லை. பெரியப்பா பெயரை டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில் எழுதியவன் எந்த ஊர் ஆங்கிலேயனோ, இரண்டு எழுத்து கூடுதலாகப் போட்டிருக்கிறான். ஆதாரில் வேறு மாதிரி. இறப்புச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. ஊர்ப் பெயருக்குக் கீழே 'வட ஆற்காடு ஜில்லா' என்று இருக்கிறது. ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இப்போ அப்படி ஒரு மாவட்டமே இல்லியே" என்றார். உண்மைதான். 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள், பிறகு வேலூர் என்று பெயர் வைத்தார்கள், 2019-ல் அதையும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்றாக்கினார்கள். மாவட்டம் மாறுவதற்கு என் பெரியம்மா என்ன செய்வார்? கல்யாணமான நாளிலிருந்து அதே பின்கட்டில்தான் இருக்கிறார்.

மூன்றாம் முறைதான் வலித்தது. சர்டிபிகேட்டில் பாதி கரையான் தின்றிருப்பதால் பட்டாளத்து ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்ட்ஸ் ஆபீஸிலிருந்து உறுதி வாங்கி வரச் சொன்னார்கள். எழுதினோம். பதில் வந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், எனக்கு வந்ததில் அதை மட்டும் இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணத்தை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவது விதியாம். 1946-ல் வெளியே வந்தவருக்கு 1971-ல் கெடு முடிந்துவிட்டது. அப்போது பெரியப்பா உயிரோடு தோல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு 49 வயது. அவர் பட்டாளத்தில் இருந்ததற்கு அரசாங்கத்திடம் சாட்சி இல்லாமல் போனது அவருக்கே தெரியாது.

இதை எழுதும்போது லாங்கு பஜார் மணிக்கூண்டு நினைவுக்கு வருகிறது. அதில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள், பழக்கடைக் கூட்டத்தில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-ல் தொடங்கிய மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். போனவர் கணக்கு இருக்கிறது, செத்தவர் கணக்கு இருக்கிறது. கழித்துப் பார்த்தால் 263 பேர் திரும்பி வந்திருக்க வேண்டும். அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதற்குக் கல் இல்லை.

இறந்தவர்களைக் கவனிக்கிற ஏற்பாடு பிரமாதம். ரங்கூன் பக்கத்தில் தாக்கியான் என்ற இடத்தில் உடல் கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயரைத் தூண்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சென்னை நந்தம்பாக்கத்திலும் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தேன். புல்லை அளவெடுத்த மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு சருகு கிடையாது. மனசுக்கு நன்றாக இருந்தது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய நம் மெட்ராஸ் சாப்பர் (பட்டாளத்து இன்ஜினியர் பிரிவு) சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தார்கள், அந்த விருது பெற்ற முதல் இந்தியர் அவர். அவர் பெயரும் நிற்கிறது. இதையெல்லாம் நான் பொறாமையாகச் சொல்லவில்லை. செத்தவருக்கு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது கூர்க்கா கதை. சத்துவாச்சாரியில் என் இளைய மகள் வீடு. அந்தத் தெருவில் ராத்திரி விசில் ஊதிக்கொண்டு சுற்றுகிற நேபாளத்துக்காரர் ஒருவர், மாதம் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வாங்குவார். ஒருநாள் திண்ணையில் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய தாத்தாவும் பர்மாவில் இருந்தவர், பிரிட்டிஷ் கூர்க்கா பட்டாளம், அவருக்கும் 15 வருஷம் முடியவில்லை, பென்ஷன் இல்லை. தாத்தா போய்விட்டார். பாட்டி மலை மேல் கிராமத்தில். "பாட்டிக்கு மாசம் காசு வருது சாப். நடக்க முடியல, அவங்களே மலை ஏறி வர்றாங்க. மருந்து, பிரஷர் பார்க்கிறது எல்லாம்" என்றார், அவர் தமிழில். கூர்க்கா வெல்பேர் டிரஸ்ட் என்று 1969-ல் பிரிட்டனில் ஆரம்பித்த தரும அமைப்பு அது. பென்ஷன் இல்லாத பழைய கூர்க்காக்களுக்கும் விதவைகளுக்கும் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. மையத்துக்கு வர முடியாத கிழடுகளின் வீட்டுக்கு ஆட்களையே அனுப்புகிறது, டாக்டரையும் அனுப்புகிறது. பொக்காராவிலும் தரானிலும் தனியாக விட முடியாதவர்களுக்கு முதியோர் இல்லம் வைத்திருக்கிறது.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இமயமலையில் ஒற்றையடிப் பாதையில் ஏறி ஒரு கிழவியின் வாசலுக்குப் போக முடிகிறது. வேலூரிலிருந்து எங்கள் ஊருக்குத் தார் ரோடு, பஸ் உண்டு, அரை மணி நேரம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பணம் சென்னையில் இருக்கிறது, டெல்லியில் இருக்கிறது, லண்டனில்கூட இருக்கிறது. வாசற்படி வரைக்கும் வருவதில்லை. 43 வருஷம் வாசற்படிக்குப் போனவன் என்பதால் எனக்கு இது தெரியும். அந்தக் காலத்தில் முதியோர் பென்ஷன் மணியார்டரைப் படுத்த படுக்கையாக இருக்கிற கிழவிக்கும் போய்க் கொடுத்திருக்கிறேன். கட்டை விரலில் மையைத் தடவி, பாரத்தில் ஒற்றி, பக்கத்து வீட்டுக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவேன். ரேகை விழவில்லை என்று ஒரு கிழவியையும் திருப்பி அனுப்பியதில்லை, ஏனென்றால் விழுந்ததா என்று பார்க்கிற இயந்திரம் என்னிடம் இல்லை, ஆளைத் தெரியும். இன்றைக்கும் பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று எடுக்க தபால்காரரே வீட்டுக்கு வருகிறார், கட்டணம் 70 ரூபாய், ரேகை விழாவிட்டால் முகத்தைப் படம் பிடித்தே முடித்துவிடலாம். பென்ஷன் வாங்குகிறவருக்கு இந்த வசதி. பென்ஷனே இல்லாத போர்க்கால விதவைக்கு மட்டும் இருபத்திரண்டு படி.

மாவட்டத்தில் இப்படி எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள்? பர்மா போன ஆண்கள் அநேகமாக எல்லாரும் போய்விட்டார்கள். உயிரோடு யாராவது இருந்தால் நூறு வயதை ஒட்டி இருப்பார்கள். மனைவிமார் கொஞ்சம் பேர் இருப்பார்கள், பெரும்பாலும் தொண்ணூறைத் தொட்டவர்கள். என் பதினொரு வீட்டில் இன்று மூன்று விதவைகள். ஒருவருக்கு நிதியுதவி வருகிறது, அவர் பேரன் வக்கீல் குமாஸ்தா, அலைந்து வாங்கிவிட்டான். இன்னொருவர் 'யாரும் கேக்காத காசு எனக்கெதுக்கு' என்று விட்டுவிட்டார். மூன்றாவது என் பெரியம்மா. மற்ற எட்டு வீட்டிலும் கேட்க ஆள் இல்லை.

கிராம நிர்வாக அலுவலரும் தபால்காரரும் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து ஒரு வாரம் தெருத்தெருவாகப் போனால் கணியம்பாடி ஒன்றியத்துப் பட்டியல் கையில் வந்துவிடும். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் இல்லை என்றால் மெடல் இருக்கும். மெடலைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டிருந்தால் போட்டோ இருக்கும், யூனிபார்மோடு எடுத்தது, பின்னால் ஸ்டூடியோ முத்திரையோடு. அதுவும் இல்லையென்றால் ஊரில் இரண்டு கிழவர்கள் சாட்சி சொல்வார்கள். அரசாங்கமே 25 வருஷத்தில் காகிதத்தை அழித்துவிட்டு, 79 வருஷம் கழித்து அதே காகிதத்தை ஒரு கிழவியிடம் கேட்பது சரியா என்று சம்பந்தப்பட்டவர்கள் யோசிக்கட்டும். லண்டன் தருமத்துக்கும் முதல் கேள்வி சர்வீஸ் அத்தாட்சிதான் என்று சுபேதார் சொல்கிறார். அத்தாட்சியை நாமே ஊர் ஊராகச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அந்தக் கதவும் திறக்கலாம்.

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டே: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாற்றிலும் எப்போதாவது தண்ணீர் வருகிறது. பென்ஷனில்லாப் பட்டாளத்தான் என்று ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டியதை யாரும் சேர்க்கவில்லை. மக்கான் சந்திப்பில் 1806 சிப்பாய்ப் புரட்சித் தூணுக்கு ஜூலை 10 தோறும் மாலை போடுகிறோம். அந்தச் சிப்பாய்களும் கம்பெனிச் சம்பளம் வாங்கினவர்கள்தான் என்பதை டீக்கடை வாதக்காரர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

பெரியம்மாவின் விண்ணப்பம் நான்காவது தடவையாக உள்ளே போயிருக்கிறது. இம்முறை மெடலையும் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறோம். பெரியம்மா மெடலைக் கொடுக்க மறுத்துவிட்டார். அவர் புடவைத் தலைப்பில் முடிந்து பிடித்துக்கொண்டிருக்க, என் பேரன் செல்போனில் எடுத்தான். படத்தில் மெடலைச் சுற்றி அவருடைய அந்தப் பத்து விரல்களும் நன்றாகவே விழுந்திருக்கின்றன.

கணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கத்து வாசகர்கள் பரண் மேல் இருக்கிற தகரப் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டும். பழுப்புக் காகிதம், அரசாங்க முத்திரை, 'வட ஆற்காடு' என்ற எழுத்து இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாது என்றால் நான் எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் போதும், சைக்கிள் இன்னும் ஓடுகிறது. எங்கள் ஊரில் பழைய தபால்காரர் வீடு என்று கேட்டால் சின்னப் பையன்கூடக் காட்டுவான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம அஞ்சல் ஊழியர்,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.
(பெயர் வேண்டாம். பெரியம்மாவுக்குப் பத்திரிகையில் பெயர் வருவது பிடிக்காது.)